நட்டு போட்ட முன் சக்கரம்

இலஞ்சி விலக்கைத் தாண்டியதும் முன் சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. ஆனந்தவள்ளி அசரவில்லை. மாவட்ட சைக்கிள் பந்தயத்தில் இதுவரை அவள்தான் முதல். ஐந்தருவி எல்லைக்கோட்டை முதல் மூன்று பேருக்குள் தொட்டால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பின்னாலேயே பைக்கில் புருஷன் செல்லச்சாமி, மாற்றுச் சக்கரத்தைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிறான். சக்கரத்தை அச்சில் பிடித்திருக்கும் லிவரைத் திறந்தால் பழைய சக்கரம் கையோடு வந்துவிடும். புதுசை மாட்டி மூடினால் ஆச்சு.

குனிந்து பார்த்தாள். லிவர் இருந்த இடத்தில் கொழுத்த நட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"லிவரு எங்க அத்தான்?"

"அருவி சீசன் கூட்டம்லா வள்ளி! கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள வீலைக் கழத்திட்டுப் போயிருவானுவ. அதான் நேத்தே நட்டு போட்டு இறுக்கிட்டேன்."

"சரி, ஸ்பானரு?"

செல்லச்சாமி பேன்ட் பையைத் தடவிப் பார்த்தான். ஸ்பானர் பாவூர்சத்திரத்தில், வீட்டு வாசலில் நின்ற அவன் டெம்போவுக்குள் கிடந்தது.

அட கடவுளே, இந்த மனுசனை என்னதான் செய்ய! களவாணிக்குப் பயந்து வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. அதற்குள் ஒருத்தி சர்ரென்று கடந்து போனாள். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"சைக்கிளைக் கவுத்திப் பிடிங்க."

சக்கரத்தைக் கழற்றினால்தான் பஞ்சர் ஒட்ட முடியுமா என்ன? இடுப்புப் பையிலிருந்த நெம்பியால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்தாள். கைப்பம்பால் லேசாகக் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்தாள். டயரில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். தேய்த்து, சொல்யூசன் தடவி, ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தி, டியூபை உள்ளே திணித்தாள்.

"ரெண்டு பேரு போயி, இப்ப மூணாவதா ஜுஹைனாவும் போயிட்டா வள்ளி!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போவட்டும், பிடிச்சிருவேன். நீங்க காத்தடிங்க."

பிடித்தும் விட்டாள். ஐந்தருவி ஏற்றத்தில் ஜுஹைனாவை முந்தி, மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டாள்.

செல்லச்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவள் கையை நீட்டினாள். சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்த லிவரை எடுத்துக் கொடுத்தான். அங்கே நின்ற ஒரு ஆட்டோக்காரரிடம் ஸ்பானர் வாங்கி நட்டைக் கழற்றினாள். லிவரை அவனையே மாட்டச் சொன்னாள்.

"இன்னும் அழுத்தி மூடுங்க. உள்ளங்கையில தடம் விழணும்."

மூடிவிட்டுச் சிவந்த கையைக் காட்டினான். அதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மாநிலப் போட்டிக்கும் நீங்கதான் வீல் தூக்கணும். அந்த நட்டை மட்டும் இங்கனயே தலைமுழுகிட்டு வாங்க."