ஆராக்குளம் பஜாரில் வாங்கிய வேட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் வைகாசி முகூர்த்தத்தில், எரியோட்டில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை கருப்புசாமியின் பட்டுவேட்டி இடுப்பிலிருந்து தானாகக் கழன்று, பந்தலை விட்டு இறங்கி, திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துப் போய்விட்டது. அவசரப்படவில்லை. ரோட்டோரமாகவே போனது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது என்று டிரைவரே பிறகு சொன்னார். முகூர்த்தம் தப்பக் கூடாதென்று மாப்பிள்ளை ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு தாலியைக் கட்டி முடித்தார். பெண் சிரித்துவிட்டாள் என்பதுதான் ஊரில் குற்றமாகப் பேசப்பட்டது. வேட்டி போனதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆராக்குளம் பஜாரில் வாங்கியது என்று தெரிந்ததும், "அங்கிட்டுப் போயி எதுக்குய்யா வாங்குனீக?" என்று மாப்பிள்ளையின் அப்பா ராமரைத்தான் கடிந்துகொண்டார்கள்.

அந்த வேட்டியை விற்றவர் இஞ்ஞாசி. இருபது வருஷமாகத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சாணார்பட்டி, செம்பட்டி, எரியோடு என்று நடந்தே விற்ற மனிதர். சேலை வாங்குகிற வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். இவர் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ வா அப்பு, பாக்கலாம்" என்பார்கள். அவர் மனசில் ஒரே ஆசைதான் இருந்தது. சாகிறதுக்குள் உட்கார்ந்துகொண்டு வியாபாரம் செய்ய வேண்டும். மாடி வீடோ மோட்டார் காரோ அவர் கேட்கவில்லை. கீழே ஒரு பாய், மேலே ஒரு கூரை, முன்னால் பெயர் எழுதிய ஒரு பலகை, அவ்வளவுதான். கோயிலில் மாதாவிடம் அவர் வேண்டிக்கொண்டதும் இதையேதான், அதையும் நின்றுகொண்டுதான் வேண்டினார். முழங்கால் அவருக்கு மடங்காது.

அந்த நேரம் பார்த்து நல்லுசாமி காண்ட்ராக்டரின் கண் ஆராக்குளத்தின் மேல் விழுந்தது. திண்டுக்கல் டவுனுக்குக் கிழக்கே சாணார்பட்டி ரோட்டோரம் கோரையும் தாமரையும் மண்டி, பாதி வருஷம் தண்ணீரும் பாதி வருஷம் சேறுமாகக் கிடந்த குளம் அது. கொக்கு, நீர்க்கோழி, தவளை, ஆரா மீன் என்று வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து தின்கிற கூட்டம் அங்கே அதிகம் என்பது நல்லுசாமியின் அபிப்பிராயம். டவுன் வளருகிறது, சனங்கள் சாமான் வாங்க எதற்கு வெயிலில் அவ்வளவு தூரம் போய் வேக வேண்டும், குளத்தை மூடி ஒரு பஜாரைப் போட்டுவிடலாம் என்றார். குளத்துக்குக் கீழே கத்திரித் தோட்டம் வைத்திருந்த பெருமாயி மட்டும் கரையில் நின்று சண்டை பிடித்தாள். "இம்புட்டுத் தண்ணியும் இனிமே எங்கிட்டுப் போயி உக்காரும்?" என்று கேட்டாள். "அது பாத்துக்கும் ஆத்தா" என்றார் நல்லுசாமி. சிறுமலை அடிவாரத்தில் மண்ணை விலைக்கு வாங்கி, வண்டி வண்டியாகக் கொட்டி, வரிசையாகக் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார். இருந்ததையெல்லாம் போட்டு மூன்றாவது கடையை இஞ்ஞாசி பிடித்தார். கொக்குகள் வேறு இடம் போகவில்லை. கடைகளின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்று சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்றை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆராக்குளத்துக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பெரிய மனிதர் ஒருவர் கரையேறி வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய உடனே ஊரே குளத்தில் இறங்கி மீன் பிடிக்கும். பிடித்ததைக் குழம்பு வைக்கலாம், சும்மா கொடுக்கலாம், விற்க மட்டும் கூடாது. ஒன்றும் அகப்படாதவர் வீட்டுக்கு அகப்பட்டவர் பங்கு அனுப்ப வேண்டும். குளத்தை மூடினார்களே தவிர, விற்கக் கூடாது என்ற பழக்கத்தை மூட முடியவில்லை. பஜாரில் விற்ற சாமான் ஒன்றுகூட வாங்கியவரிடம் தங்கவில்லை. பித்தளைக் குடங்கள் உருண்டு வந்தன. செருப்புகள் ஜோடியாக நடந்து வந்தன, சில சமயம் ஆளையும் இழுத்துக்கொண்டு. பலகாரக் கடையில் முறுக்கு வாங்கித் தின்றவர்கள் தாங்களே திரும்பி வந்து கடை வாசலில் நின்றார்கள். அது செரித்து முடியும்வரை அவர்களால் நகர முடியவில்லை. நின்ற இடத்தில் பசித்து மறுபடியும் முறுக்கு வாங்கியவர்கள் ராத்தங்க நேர்ந்தது.

கருப்புசாமியின் வேட்டி அந்தி சாயக் கடைக்கு வந்து, அலமாரியில் தன் இடத்தில் ஏறி மடிந்து படுத்துக்கொண்டது. மறுநாள் ராமர் வந்தார். இஞ்ஞாசிக்கு அவர் முகத்தில் முழிக்கவே கூச்சமாக இருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதையுங் கொண்டுபோங்கய்யா, மாப்பிள்ளைக்கு நாங் குடுத்ததா இருக்கட்டும்" என்று வேட்டியையும் கையில் வைத்தார். அந்த வேட்டி அப்புறம் வரவேயில்லை. கருப்புசாமி அதைக் கட்டிக்கொண்டு மறுவீட்டுக்குப் போய், குனிந்து நிமிர்ந்து எல்லாரையும் கும்பிட்டுப் பார்த்தார், அது அசையவில்லை. இஞ்ஞாசியின் மனைவி வியாகுலம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. "காசுக்குக் குடுத்தா வந்துருது, சும்மா குடுத்தா நின்னுருது. வெளங்கிரும் நம்ம பொழப்பு" என்றாள்.

அவள் சொன்னது எப்படியோ வெளியே போய்விட்டது. சும்மா கேட்டால் சாமான் நிற்குமாம் என்று ஆனி மாதம் ஒரு நாள் சுற்றுப்பட்டி சனமெல்லாம் ஆராக்குளத்துக் கரையில் வந்து கூடிவிட்டது. நல்லுசாமிக்கு ஆத்திரம். கரைமேல் ஏறி, "போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். வெள்ளைத் துண்டு. தண்ணீர் இறங்குகிற மாதம் வேறு. அடுத்த நிமிஷம் சனம் ஓவென்று பஜாருக்குள் இறங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி வலையை எடுத்து வந்தவர்களும், அடியில்லாத மீன்கூடையான ஊத்தாவைக் கொண்டுவந்தவர்களும் கடை கடையாகப் புகுந்தார்கள். சேலைகள் துள்ளின. பித்தளைச் செம்புகள் காலுக்கிடையில் வழுக்கி ஓடின. கூட்டத்தை அடக்க வந்த போலீஸ்காரர் ஓர் அரிக்கேன் விளக்கைப் பிடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். இஞ்ஞாசி கல்லாப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். கடையில் ஒரு கைக்குட்டைகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம், அகப்படாதவர்கள் என்ற முறையில் கடைக்காரர்கள் வீட்டுக்குப் பங்கு வந்தது. பெருமாயியின் ஊத்தாவில் விழுந்தது இஞ்ஞாசி கடைச் சுங்குடிச் சேலை. அவள் பழக்கதோஷத்தில் அதைத் துண்டு போட்டு, மஞ்சள் தடவி, மாங்காய் சேர்த்துக் குழம்பு வைத்து ஒரு சட்டி அனுப்பியிருந்தாள். திறந்தால் மிளகாய் எண்ணெய்க்கு நடுவே சுங்குடிப் புள்ளிகள் மிதந்தன. வாயில் வைத்தால் அசல் ஆரா மீன். முந்தானைத் துண்டில் முள்கூட இருந்தது. எல்லாம் போச்சே என்று இஞ்ஞாசி அழுதார். அழுதுகொண்டே, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றார்.

புரட்டாசியில் மண் கிளம்பியது. அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதானே. விடியற்காலங்களில், வண்டியும் மாடும் இல்லாமல், வந்த வழியே சிறுமலை அடிவாரத்துக்குத் திரும்பிப் போனது; பால்காரர்கள் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அதற்கு வழிவிட்டார்கள். கடைகள் பழைய பள்ளத்துக்கு இறங்கின. மற்றவர்களெல்லாம் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இஞ்ஞாசி மட்டும் வெறுங்கடையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விற்க ஒன்றும் இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. கொக்குகள் சுவரை விட்டு இறங்கின. தவளைகள் அலமாரியில் ஏறின. வியாகுலம்மாள் கரையிலிருந்து, "எந்திரிச்சு வாங்க, தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு" என்று கூப்பிட்டாள். "செத்த நேரம் உக்காந்துக்கிறேனே" என்றார் இஞ்ஞாசி. கடைசியில் அவளே இறங்கிக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கரையில் நின்று, கூரை மட்டும் தெரிந்த கடையைப் பார்த்து அவர் தேம்பியதைப் பெருமாயியாலேயே பார்க்க முடியவில்லை. அவள் கேட்ட தண்ணீர் அவளுக்கு வந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த காண்ட்ராக்டர் பக்கம் திரும்பி, "ஏலே நல்லுசாமி, முங்கிப்போன கடைய வச்சுக்கிட்டு நீ என்னத்தப் பண்ணப் போற? அவனுக்குக் குடுத்துத் தொலையேன்" என்றாள். நல்லுசாமிக்கும் போதும் போதும் என்றிருந்தது. "எடுத்துக்கப்பு. சும்மா தாரேன்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாவது கடை தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியதில் அலமாரியிலிருந்து இரண்டு ஆரா மீன்கள் விழுந்தன. பிறகு கரையேறி வந்து இஞ்ஞாசியின் பின்னால் சொட்டச் சொட்ட நின்றது.

மற்ற கடைகள் குளத்துக்குள்ளேயே கிடந்தன. தாமரை அவற்றின் மேல் படர்ந்தது. இஞ்ஞாசி சின்னாளப்பட்டியில் கடனுக்குச் சரக்கெடுத்து மறுபடியும் மூட்டையைத் தோளில் போட்டார். அவர் புறப்பட்டால் கடையும் புறப்பட்டது. ஊர் சிரிக்குமே என்ற வெட்கத்தில் அவர் திரும்பியே பார்ப்பதில்லை. கொஞ்ச நாள் நாய்கள் குரைத்தன, பிறகு விட்டுவிட்டன. ரயில்வே கேட்டில் அது வண்டிகளோடு வரிசையில் நின்றது.

அறுபதாம் வருஷம் தை மாதம் செம்பட்டி முக்கில் இஞ்ஞாசி புளியமரத்தடியில் மூட்டையை இறக்கி முடிச்சை அவிழ்த்தார். வேட்டி எடுக்க வந்த சம்சாரி ஒருவர், "ஏம்ப்பு, அம்புட்டையும் எதுக்கு மண்ணுல பரப்புற? பின்னால கடை நிக்கிதுல்ல, அதுல வச்சுக் காட்டு" என்றார். இஞ்ஞாசி முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். பாயை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒரு வேட்டியை எடுத்து மடியில் வைத்துப் பிரித்துக் காட்டினார். சம்சாரி வெளியே நின்றபடி ரொம்ப நேரம் பார்த்தார். வேட்டிக் கரை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம் என்றார்.