அதே அண்டாக் கறி

மாஸ்டர் அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்த விதமே சரியில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய், கையிலிருந்த தூக்குவாளியை மேடை மேல் ணங்கென்று வைத்தார்.

செருப்புத் தொழிற்சாலை கேன்டீனில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவருவது புதிதல்ல. நேற்றைய சோறு அவர் மனைவியின் கையில் மொறுமொறு வடையாகும். யாரும் தொடாத காய் சூப்பாகும். "கேன்டீன்ல செத்ததெல்லாம் எங்க வீட்ல மறுபிறவி எடுக்குது" என்று கல்லூரிக்குப் போகும் மகள் கிண்டலடிப்பாள். மாஸ்டரும் சிரிப்பார். அன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மத்தியானம் போட்ட கோழிக்கறி. இதை வச்சு ராத்திரிக்கு ஏதாவது செய்."

"ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? என்னாச்சு?"

"பசை ஒட்டுற பிரிவுல கொஞ்சம் பேருக்கு வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரு பொண்ணு கண்ணே தொறக்கலையாம்." குரல் இறங்கி, உடனே ஏறியது. "அந்தப் பசை நாத்தத்தால இருக்கும், இல்ல குடிச்ச தண்ணியால இருக்கும். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்து, 'உங்க கறிதான் மாஸ்டர்'ங்கறான்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"உப்புப் பார்த்ததோட சரி. அடுப்படியில நின்னா எனக்கு எங்க பசிக்குது? அதான் சொல்லிட்டு வந்துட்டேன். அதே அண்டாக் கறியை இன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடறேன், என் பொண்டாட்டி சாப்பிடுவா, என் பொண்ணு சாப்பிடுவா, நாளைக்கு வந்து பேசறேன்னு."

மனைவி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொண்ணு எதுக்குங்க?"

"என் கையை நம்பாதவ இந்த வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டார்.

அவள் வாளியைத் திறந்தாள். முதலில் வெங்காயமும் மிளகும் மணத்தன. குனிந்து முகர்ந்தபோது அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அப்படி. மறுபடி முகர்ந்தால் அது இல்லை. தன் பயம்தான் நாறுகிறதோ என்று நினைத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு ஒரு துண்டை எடுத்தது. அவள் பட்டென்று தட்டிவிட்டாள். துண்டு தரையில் விழுந்தது.

"ஒரு பீஸுக்கு இவ்வளவு கோவமா?" என்றாள் மகள்.

"போய்ப் படி. கூப்பிடறப்ப வா."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் முந்தின நாள் அவளே சமைத்த கோழி கொஞ்சம் கிடந்தது. வாளியிலிருந்ததைப் பழைய செய்தித்தாளில் கொட்டிச் சுற்றி, பையில் போட்டு இறுக முடிந்து, பின்பக்கக் குப்பைத்தொட்டியின் அடியில் அழுத்தினாள். வாளியை வெந்நீர் விட்டுத் தேய்த்தாள். அப்புறம் வீட்டுக் கோழியை எலும்பிலிருந்து பிய்த்து உதிர்த்து, வேகவைத்த உருளைக்கிழங்கும் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியும் சேர்த்துப் பிசைந்தாள். நாக்குத் தேர்ந்த மனிதர். கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று மிளகை வழக்கத்தைவிட அள்ளிப் போட்டாள். தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுத்தாள்.

மாஸ்டர் வேண்டுமென்றே பெரியதாக எடுத்து, கடித்து, கண்ணை மூடி மென்றார். "இதுவா கெட்டுப்போன கறி? சொல்லு. இதுவா?"

"சூப்பரா இருக்குப்பா" என்றாள் மகள்.

மனைவி இன்னொன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சொல்லிவிட்டால் மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

காலையில் அவர் விசில் அடித்தபடி வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார். துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் மகள் வந்து, தலைவாரிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா முதலாளிகிட்ட போன்ல என்ன பேச்சு பேசினாரு தெரியுமா? 'மூணு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். கேன்டீன் ஃப்ரீசர்ல இருக்கற மீதிக் கோழியை எதுக்கு சார் தூக்கிப் போடணும், இன்னிக்கும் அதையே போடறேன்'னாரு. அவரும் சரின்னுட்டாராம்."

அவள் கையிலிருந்த ஈரச்சட்டை நழுவியது. போன் அடித்தாள், மணி போனது, எடுக்கவில்லை. சமைக்கும்போது அவர் போனைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிடுவார். வேறு யார் எண்ணும் அவளிடம் இல்லை. வீட்டுப் புடவையோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். பஸ் வர நேரமானது. வந்த பஸ்ஸும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்றது.

தொழிற்சாலை வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு சிரித்தார். "வாங்கம்மா. நேத்து நீங்களே அதைச் சாப்பிட்டீங்களாமே! அதைக் கேட்டப்புறம்தான் எங்களுக்கு உயிரே வந்தது." உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது.

கேன்டீனில் தட்டுகளோடு நீண்ட வரிசை. முன்னால் சூப்பர்வைசர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவரை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தியது மாஸ்டர்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. மாஸ்டர் கரண்டி நிறையக் கறியை அள்ளி அவர் தட்டில் ஊற்றினார்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

அத்தனை தலைகளும் திரும்பின. மாஸ்டரின் முகம் முதலில் திகைத்தது, பிறகு கறுத்தது. "நீ இங்க எதுக்கு வந்தே?"

"நேத்து நாம சாப்பிட்டது இது இல்லீங்க. வாளில இருந்ததை நான் குப்பையில போட்டுட்டேன். நீங்க சாப்பிட்டது நம்ம வீட்டுக் கோழி."

"என்ன உளர்றே?"

"உளறலைங்க. எனக்குப் பயமா இருந்தது. பொண்ணு முகத்தைப் பார்த்தேன், மனசு வரலை."

கரண்டி அவர் கையிலேயே நின்றது. சூப்பர்வைசர் தட்டை மெல்ல மேசை மேல் வைத்துவிட்டு ஒதுங்கினார். வரிசை தானாகவே பின்வாங்கியது. மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"உள்ள யாராவது சாப்பிட்டீங்களா?"

காய் நறுக்கும் அம்மாள் அடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். "நான் முன்னாடியே சாப்பிட்டுட்டேனே மாஸ்டர். நீங்கதானே நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

அந்த அம்மாள் பொழுது சாய்வதற்குள் சுருண்டு விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் மறுபடி வேலைக்கு வரவில்லை. பசைப் பிரிவுப் பெண் வெகுநாள் கழித்து, எலும்பும் தோலுமாக வந்தாள். ஃப்ரீசர் மோட்டார் அதற்கு முந்தின விடுமுறையில் நின்று, கோழி முழுக்க இளகி, மறுபடி தானாகவே ஓடி உறைந்திருக்கிறது என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னார். மாஸ்டரின் கைமேல் தப்பில்லை என்று ஆனது. முதலாளியிடம் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னவரும் மாஸ்டர்தான். வேலை போகவில்லை.

வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். தட்டில் எதை வைத்தாலும் விரலால் பிட்டுப் பார்த்து, தணிந்த குரலில் கேட்பார்: "இது எதுல செஞ்சது?"

"உருளைக்கிழங்குங்க. காலையில மிஞ்சினது."

அவர் சாப்பிட ஆரம்பிக்க மாட்டார். அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு ஆறும். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்.