சுவர் இருந்த கோடு

வீட்டுக்குப் பிளான் வரைந்தவன் காலையிலிருந்தே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான். கட்டி முடித்த வீட்டைப் பார்க்க அவனுடைய அக்கா வருகிறாள். வரச் சொன்னது அவனில்லை, வீட்டுக்காரரான பல் டாக்டர். "உங்க அக்கா வீடு இருந்த இடம். அவங்க பாக்காம நான் குடி வரமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். நல்ல மனிதர்களால் வரும் தொல்லை தனி ரகம்.

வருஷக்கணக்கில் அடுத்தவர் கடைக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்தே காலம் தள்ளியவன் அவன். அக்காவின் இடத்தை வாங்கித் தந்தால் வீடு வரைகிற வேலை உனக்குத்தான் என்று டாக்டர் சொன்னபோது தலைகால் புரியவில்லை. அக்காவோ, புருஷன் போன பிறகும் அந்த வீட்டைவிட்டு அசைய மாட்டேன் என்றிருந்தாள். கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. அவள் காபி போட உள்ளே போன நேரத்தில் சாவியால் சுரண்டிப் பார்த்தான். பூச்சுதான் வெடித்திருந்தது. உள்ளே செங்கல் கட்டு அசையாமல் கிண்ணென்று இருந்தது. காபியை வாங்கிக்கொண்டு, "அஸ்திவாரமே இறங்கிடுச்சுக்கா, அடுத்த மழைக்குத் தாங்காது" என்றான். தம்பி சொல்லிவிட்டால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. விற்றுவிட்டு மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த உறுத்தலில்தான் புது வீட்டுக்குள் பழைய வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தான். பழைய சுவர்கள் நின்ற இடமெல்லாம் தரையில் கறுப்புக் கல்லால் கோடு போட்டான். கதவு இருந்த இடங்களில் மட்டும் கோட்டில் இடைவெளி. அக்காவின் சமையலறை ஜன்னல் அதே இடத்தில், அதே உயரத்தில். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவர்கள் எங்கே எழுந்து ஓடுவது?

அக்கா வந்தாள். புதுக்கூடம் பெரியது, பழைய வாசல் இப்போது அதன் நடுவில் கிடந்தது. பாதிக் கூடம்வரை செருப்போடு வந்தவள், அந்த இடைவெளி வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். டாக்டரின் முகம் மலர்ந்துபோயிற்று. அவள் எங்கேயும் கோட்டைத் தாண்டவில்லை. இல்லாத சுவர்களைச் சுற்றி, இல்லாத கதவுகள் வழியாகவே போய்வந்தாள்.

"இங்கதான் அவரு கட்டில் கெடந்துச்சு" என்றாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டருக்குப் போன் வர, அவர் வெளியே போனார். அக்கா பழைய கூடத்துச் சுவரின் கோட்டருகே நின்று சிரித்தாள்.

"எல்லாத்தையும் கொண்டாந்துட்டே. அந்த விரிசலை மட்டும் விட்டுட்டியேடா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். அவனும் சிரித்துவைத்திருக்கலாம், சிரிப்பு வரவில்லை.

"அது பூச்சுல மட்டும்தான்க்கா இருந்துச்சு."

"அப்ப சுவரு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இடிக்கும்போதுதான் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பித்துப் போகட்டும் என்று அவளே வழிவிட்டு நிற்கிறாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இல்லக்கா. நீ காபி போடப் போனியே, அப்பவே."

கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போய்ச் செருப்பை எடுத்து வந்தாள். கோட்டுக்கு உள்ளே, கட்டில் கிடந்த இடத்தில் நின்று மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். "என்னங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? இது உங்க வீடுங்க!"

"இல்லைங்க, உங்க வீடு. நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

செருப்புக் காலோடு, சுவர் இருந்த கோட்டை மிதித்துத் தாண்டி, நேராக வெளியே போனாள்.