டூரனின் நாற்பத்தைந்தாவது படைப்பு

மகள் தன் சின்ன இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வேகக் குமிழை அப்படியே விட்டுப் போயிருந்தாள். டச்சு அதைக் கவனிக்காமல் தன் பெரிய தட்டின்மேல் முள்ளை வைத்தான். டச்சு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பாடகனே இல்லாத, பத்துப் பேர்கூடக் கேட்டிராத டச்சு ராக் ஆல்பங்களைத் தேடித் தேடி வாங்குகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புல்லாங்குழல் துள்ளிக் குதித்தது. பதறிக் கையை நீட்டியவன் நின்றுவிட்டான். டிரம்ஸ் முதன்முறையாக டிரம்ஸ் மாதிரியே கேட்டது.

தட்டின் நடுவில் டச்சு மொழியில் '45 டூரன்' என்று அச்சிட்டிருந்தது. இசையமைத்தவர் டூரன், இது அவருடைய நாற்பத்தைந்தாவது படைப்பு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ரசிகர் குழுவில் டூரனின் துயரம் பற்றி நீளமான கட்டுரை வேறு. இப்போது அந்தச் சொல்லைப் போனில் தட்டினான். சுழற்சி என்று வந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. அடச்சீ! டூரன் என்று ஒரு ஆளே கிடையாது. சின்னத் தட்டுக்குத்தான் நாற்பத்தைந்து, பெரிய தட்டென்றால் முப்பத்துமூன்றுதானே என்ற நினைப்பில் ஓட்டி ஓட்டி, யாரோ போட்ட கும்மாளத்தை ஒப்பாரியாக்கியிருக்கிறான். பாடுகிறவன் ஒருத்தன் இருந்திருந்தால் முதல் வரியிலேயே குரல் காட்டிக் கொடுத்திருக்கும்.

கட்டுரை போனால் போகிறது. அண்ணன் இறந்தபோது அண்ணிக்கு இதைத்தான் போட்டுக் காட்டினான். "பறிகொடுத்தவனாலதான் அண்ணி இப்படி வாசிக்க முடியும்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னான். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறாள். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். நிறுத்துவதற்குள் அண்ணி உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன தம்பி இது, இந்தக் குதி குதிக்குது! நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணன் இருந்திருந்தா ஆடியே இருப்பாரு."

"அண்ணி, இது வந்து..."

"சரி சரி, எடுத்துடுங்க. நம்ம டூரனைப் போடுங்க. அந்த மனுஷனுக்குத்தான் என் கஷ்டம் தெரியும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தட்டை எடுத்து, சத்தம் கேட்கும்படி உறைக்குள் போட்டான். வேறொன்றைத் தேடுகிற மாதிரி அலமாரியைக் கொஞ்சம் உருட்டினான். தன்னைப் பார்க்கத் தனக்கே கூசியது. பிறகு அதே உறையிலிருந்து அதே தட்டை உருவி வைத்து, குமிழைத் திருப்பினான்.

புல்லாங்குழல் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணியின் மூடிய இமையோரம் ஈரம் கசிந்தது. அவள் கால் பெருவிரல் மட்டும், சற்றுமுன் கேட்ட வேகத்திலேயே, தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.