வரப்போரத்துக் கிணறு

எழுபத்தாறில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியபோது பெருமாட்டி ஊரின் கிழக்குப் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. நாச்சம்மாளின் கிணறு மட்டும் வற்றவில்லை. புருஷன் செத்த பிறகு அவள் ஒருத்தியாக நின்று வளர்த்த தென்னைகள் அந்தத் தண்ணீரில்தான் பாளை விட்டிருந்தன.

வடக்குப் பக்கத்து நிலம் கொழுந்தன் அப்புசாமியுடையது. அண்ணன் இருந்தபோதே பாகம் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தோப்பின் மேல் அவனுக்கு ஒரு கண் இருந்ததை அவள் அறிவாள். அதனால் ஒருநாள் அவன் வந்து, கிணறு வெட்ட இடம் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து ஆபீசர் வருகிறார், உங்கள் கிணற்றையும் காட்டவேண்டும் என்று, அண்ணி முறைக்கு நங்கையா என்று கூப்பிட்டுத் தணிவாகக் கேட்டபோது அவளுக்கு மனசு இளகிப்போயிற்று. கேட்கிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டானே என்று நினைத்தாள்.

ஆபீசர் அவன் நிலத்தில் கம்பிகளை அடித்து ஒயர் இழுத்து, பெட்டியில் முள் ஆடுவதைக் குறித்துக்கொண்டார். பிறகு அவள் கிணற்றை எட்டிப் பார்த்து ஊற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். நாச்சம்மாள் ஒளிக்கவில்லை. வடக்கே பாறை வெடிப்பிலிருந்து வருகிறது என்றாள். எவ்வளவு இறைத்தால் எவ்வளவு நேரத்தில் ஊறும் என்பதையும் சொன்னாள். அப்புசாமி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தை பிறந்ததும் வரப்பை ஒட்டிக் குழி தோண்டினார்கள். இத்தனை பக்கத்திலா என்று அவள் கேட்டதற்கு, ஆபீசர் குறித்துக் கொடுத்த இடம் என்றான். அவள் நம்பினாள். வெயிலில் மண் சுமந்த பெண்களுக்குத் தன் கிணற்றுத் தண்ணீரையே குடத்தில் கொடுத்தனுப்பினாள்.

சித்திரையில் பாறைக்கு வைத்த வேட்டு ஒன்று வெடித்ததும் ஆட்கள் கூச்சலிட்டார்கள். தண்ணீர் பீறிட்டு வந்ததாம். நான்கைந்து நாளில் அவளுடைய கிணற்றில் வெடிப்பு வெறும் ஈரமாக நின்றது. அப்புசாமியின் மோட்டார் ஓயவே இல்லை. அவன் வயலுக்குப் போக மிச்சம் ஓடையில் வீணாக ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் பஸ் ஏறிப் பாலக்காடு போனாள்.

ஆபீசர் அவளை உட்காரவைத்து விளக்கினார். அந்த மண்ணில் பாறைக்கு மேலுள்ள நைந்த கல்லிலும் பாறை வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். ஒரு கிணற்றில் இறைக்க இறைக்கச் சுற்றிலும் நீர்மட்டம் புனல்போலக் கீழிறங்கும். அந்தப் புனலுக்குள் அகப்பட்ட இன்னொரு கிணறு வற்றிவிடும். அதனால் வரப்போரம் வேண்டாம் என்று சொல்லி, அவன் நிலத்தின் மறுகோடியில் ஓடைக்கரையைத்தான் அவர் குறித்துக் கொடுத்திருந்தார்.

"வரப்போரம் வெட்டினா அவங்க கிணறு உறப்பா, நிச்சயமா வத்துமோன்னு உங்க கொழுந்தனார் ரெண்டு தடவை கேட்டார்," என்றார் ஆபீசர். "உறப்பா வத்தும்னு சொன்னேன். பயந்து கேக்கிறார்னு நெனச்சேன்."

தடுக்கச் சட்டம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். தனக்குத் தெரிந்து இல்லை என்று அவர் தலை குனிந்தார்.

அவள் நேரே அப்புசாமியின் களத்துக்குப் போனாள்.

"தெரிஞ்சேதான் வெட்டுனீங்களா, தம்பி?"

"தெரியாம ஆராச்சும் இத்தன பாடு படுவாங்களா, நங்கையா? தோப்ப எனக்கு எழுதிக் குடுத்துருங்க. மரமாச்சும் பொழைக்கும்."

அவள் கொடுக்கவில்லை. மாடுகளை விற்றுத் தன் கிணற்றை ஆழப்படுத்தினாள். கொஞ்சம் தண்ணீர் காட்டியது. அப்புசாமி ஆள் இறக்கித் தன் கிணற்றை அதைவிட ஆழமாக்கினான். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் நிலத்தில் அவன் வெட்டினால் நாம் என்ன சொல்ல என்று எழுந்து போனார்கள். இரண்டு கோடை தாண்டுவதற்குள் மட்டைகள் தொங்கி, குரும்பைகள் உதிர்ந்து, ஓரத்து மரங்கள் கொண்டை சாய்ந்தன. கடைசியில் சித்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் தோப்பை அவனுக்கு எழுதிக் கொடுத்துக் கைநாட்டு வைத்தாள்.

அடுத்த வாரமே வாய்க்கால் வெட்டித் தோப்புக்குத் தண்ணீர் விட்டான். மிஞ்சிய மரங்கள் தழைத்தன. களை கொத்த ஆள் வேண்டியிருந்தபோது அவளுக்கும் சொல்லியனுப்பினான். வேறு வழியில்லாமல் போனாள். உச்சி வெயிலில் வாய்க்கால் தண்ணீரை அவள் கையில் அள்ளியபோது மேட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"குடிக்கறதுன்னா ஊட்டுல கேட்டு வாங்கிக்குங்க, நங்கையா. வாய்க்கால்ல கைய வெக்காதீங்க."

கூட இருந்த பெண்கள் நிமிரவில்லை. அவள் கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு களைக்கொத்தை எடுத்தாள்.