மெஷின் பார்க்காத இடம்

இசக்கியப்பன் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவன். காசநோய் என்று சந்தேகம் வந்ததும் தென்காசி ஆஸ்பத்திரியில் அவன் சளியை மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். நோய் உறுதி, வழக்கமான மாத்திரையே கேட்கும் என்று சீட்டு வந்தது. நாலு மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கினான். இருமல் நின்றபாடில்லை. எடை ஆறு கிலோ இறங்கிற்று. மறுபடி மெஷினில் வைத்தார்கள், அதே முடிவு.

அவன் ஊரான இலஞ்சிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை கொண்டுவரும் பென்னி ஒரு காலையில் தெருவில் நின்றபடியே கேட்டான்.

“மாத்திரைய வாய்க்கால்ல போட்டுட்டு எதுக்கு வே பொய் சொல்லுதீரு?”

குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைவிட மோசம், அன்றிலிருந்து மனைவி முத்துச்செல்வி மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். நாக்கைத் தூக்கிக் காட்டினான். அவளோடு பேசுவதை நிறுத்தினான்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைவாசலில் போய் உட்கார்ந்தான். சளியை வேறு விதமாகச் சோதிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றான். டாக்டர் சத்தம் போட்டார், காவலாளியைக் கூப்பிட்டார். கடைசியில் ஆள் தொலைந்தால் போதும் என்று, கிருமியை வளர்த்து மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சளியை வெளியூர் அனுப்பினார்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. முக்கியமான மருந்து அவன் கிருமியை ஒன்றுமே செய்யவில்லை. லேபில் இருந்த நிர்மலாதேவி விளக்கினாள்: மெஷின் கிருமியின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்க்கும், பெரும்பாலும் மாற்றம் அங்கேதான் இருக்கும், இவன் கிருமியில் அந்தத் துண்டுக்கு வெளியே மாறியிருக்கிறது.

“அப்ப அந்த எடத்தப் பாக்கலன்னுதான சொல்லியிருக்கணும்? மருந்து கேக்கும்னு எதுக்குச் சொல்லிச்சு?”

அவள் முடிவுச் சீட்டை மடித்து அவனிடம் நீட்டினாள்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தபோது முத்துச்செல்விக்கும் அதே கிருமி இருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னை நம்பாதவளுக்குத் தன் நோயே போய்ச் சேர்ந்ததில் ஒரு நொடி அவனுக்குள் ஒரு கொடூரமான திருப்தி எழுந்தது. அடுத்த நொடி தன்னை நினைத்தே வெட்கப்பட்டான்.

பென்னி புது மாத்திரைகளோடு வந்தான். தப்பா நினைச்சிட்டேன் அண்ணாச்சி என்று தொடங்கினான்.

“அங்கன வச்சிட்டுப் போம்.”

ஆறு மாதத்தில் இருவருக்கும் குணமாயிற்று. முத்துச்செல்வியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. பென்னியை மட்டும் அவன் பிறகு படியேற விடவே இல்லை.