எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள்: இங்கிலீஷில் சொல்க

என் மனைவியைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அன்று சாயந்தரத்திலிருந்து அவள் கரைய ஆரம்பித்தாள்.

வாக்கியம் சின்னதுதான். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் வைஃப்.' கோவில்பட்டியில் பாத்திரக் கடை மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், கூடப் படிக்கிற நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். ஜெபராஜ் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஹேவிங்னா நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அய்யாத்துரை சார். ஐ ஆம் ஹேவிங் காபின்னா என்ன?"

"காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"குடிக்கக் குடிக்க காபி என்னாகும்?"

"தீந்துரும்."

"அப்ப உங்க வீட்டம்மா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள். அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு இருக்கிறாள், எனக்கென்று இருக்கிறாள். அவளை வைத்துக்கொள்ள எனக்குத் தனியாக ஒரு வினைச்சொல் வேண்டும் என்று இத்தனை வயதுக்கு யாரும் சொன்னதில்லை. எரிச்சலாக வந்தது.

வீட்டில் சண்முகக்கனி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு தோசையும் வேகவில்லை. சுண்டுவிரல் ஏற்கெனவே போயிருந்தது. குளிக்கிற சோப்பு மாதிரி ஓரமெல்லாம் மழுங்கியிருந்தாள்.

"என்னங்க, கையில வளையலே நிக்க மாட்டேங்குது."

"இங்கிலீஷ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு, கனி."

"பெரிய தப்பா?"

"கன்டினியுவஸ்."

"சரி, திருத்திட்டு வாங்க," என்று மறுபடி மாவை அள்ளினாள்.

என்னை வகுப்பில் சேர்த்துவிட்டதே அவள்தான். எங்கள் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தால் நான் குச்சி அறைக்குள் போய் நின்றுகொள்வேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னாடி நீங்களும் வாயைத் திறக்க வேண்டாமா என்று கேட்டாள். இப்போது திறந்தாயிற்று. திறந்த லட்சணம் இது.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பூட்டிய கதவைப் பார்த்து "போயிட்டு வாரேன்" என்றாள். அவள் அப்படித்தான். தெருக்குழாய்க்குப் போனாலும் சொல்லாமல் போக மாட்டாள். ஒரு தடவை நான் ஏதோ கோபத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் இறங்கிவிட்டேன். கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லி, 'போயிட்டு வாரேன்' என்று என் வாயால் சொன்ன பிறகுதான் விட்டாள். பஸ் போய்விட்டது. போனால் போகிறது என்றாள்.

ஜெபராஜ் சார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாதிக்கு மேல இருக்காங்க. திருத்திரலாம். ஐ ஹேவ் எ வைஃப். இதான் கரெக்ட்."

"நீங்க இப்ப சொல்லிட்டீங்களே."

"நான் சொன்னா எனக்குல்ல ஆகும்? நீங்க சொல்லணும்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையால் பொத்தினார்.

"இங்க வேண்டாம். இது கன்டினியுவஸ் ரூம். இங்க எதைச் சொன்னாலும் பின்னாடி ஒரு 'இங்' ஒட்டிக்கும். சிம்பிள் பிரசென்ட் ரூம் வராந்தா கடைசியில இருக்கு."

"தமிழ்ல சொல்லிரட்டுமா?"

"தாராளமா. ஆனா செல்லாது."

வராந்தா நடக்க நடக்க நீண்டது. பாத்திரக் கடை மாடி அவ்வளவு பெரிசு இல்லை. கோவில்பட்டியே அவ்வளவு பெரிசு இல்லை. கனி பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வழியில் ஒரு பெஞ்சில் சட்டையெல்லாம் தூசி படிந்த ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எப்பருந்து உக்காந்திருக்கீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சின்ஸ் போடணுமா ஃபார் போடணுமான்னு தெரியாமத்தான் உக்காந்திருக்கேன்."

"எந்திரிச்சுப் போயிரலாம்ல?"

"எந்திரிச்சா டென்ஸ் மாறிரும்லா?" என்று அழுதார்.

சிம்பிள் பிரசென்ட் அறையில் ஹெப்சிபா மேடம் தனியாக இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க ரெண்டுதான் சொல்லலாம். பழக்கம், இல்லாட்டி பொது உண்மை. தண்ணி நூறு டிகிரில கொதிக்கும். அது பொது உண்மை. உங்க மனைவி எதுல வாராங்க?"

"உண்மைல."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சா அது பொது இல்ல, சார்."

"அப்ப பழக்கம்னு வச்சுக்கோங்க, மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்படிப்பட்ட பழக்கம்? ஆல்வேஸா, சம்டைம்ஸா?"

"ஆல்வேஸ்!" என்று கத்தினேன்.

"நேத்து ராத்திரி அவங்ககூடப் பேசினீங்களா?"

"நேத்து ஹோம்வொர்க் இருந்துச்சு."

"முந்தாநாளு?"

"அன்னைக்கு டெஸ்ட்டுக்குப் படிச்சேன்."

மேடம் கனியைப் பார்த்தார். கனி எனக்காகப் பொய் சொல்லத்தான் பார்த்தாள். "பேசினாங்க. சோறு போடுன்னு சொன்னாங்க," என்றாள்.

"அப்ப எப்பவாச்சும்தான். செல்டம்," என்றார் மேடம். "செல்டம் போட்டா பழக்கம்னு எடுத்துக்க முடியாது. அடுத்த வாக்கியம்."

என் பின்னால் யாரும் இல்லை. இருந்தாலும் நகர்ந்தேன். பாவி, நாக்கு நுனியில் வந்து நின்ற நாலு வார்த்தையை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது வராந்தா இரண்டே எட்டுதான் இருந்தது. அதற்குள் ஜெபராஜ் சார் போர்டை அழித்துவிட்டு 'ஹேட்' என்று எழுதியிருந்தார். பாஸ்ட் டென்ஸ் ஆரம்பித்துவிட்டது. நாலு பேரும் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒருத்தருக்கு ஒரு சைக்கிள் இருந்தது. ஒருத்தருக்கு ஒரு கிளி இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் காய்ச்சல் இருந்தது.

கனி என் பக்கத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலைதான் உட்கார்ந்தது என்று சொல்ல வேண்டும். முகம் மட்டும் மிச்சம் இருந்தது.

"சொல்லுங்க, அய்யாத்துரை சார். உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

"எனக்கு மனைவி இருக்கா, சார்."

"இங்கிலீஷ்ல."

"மாட்டேன்."

"மாட்டேன்னா எப்படி? ஹேவிங் தப்பு. ஹேவ் போன பாடத்துலயே முடிஞ்சுபோச்சு. இனி இருக்கிறது ஹேட் ஒண்ணுதான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். கனிக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்காகத்தான் கூச்சப்பட்டாள்.

"ஏங்க, சொல்லிருங்க," என்றாள் மெதுவாக. "நாலு பேரு பாக்காங்க. தப்பில்லாமச் சொல்லுங்க."

"கனி, நீ சும்மா இரு."

"நீங்க சரியாச் சொல்லி ஒரு தடவை கேக்கணும்."

தனக்கென்று அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஐ ஹேட் எ வைஃப்," என்றேன்.

"எக்ஸலன்ட்!" என்றார் ஜெபராஜ் சார். நாலு பேரும் கைதட்டினார்கள். கனிக்குத் தட்டக் கையில்லை. சிரித்தாள். நான் இங்கிலீஷில் தப்பில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அவள் எழுந்தாள்.

"போயிட்டு வாரேன்."

"செல்லாதும்மா. இங்கிலீஷ்ல சொல்லுங்க," என்றார் சார்.

"கோ..." என்று யோசித்தாள். "கோ... கம்..."

"ரெண்டு வெர்ப் ஒண்ணா வராது. ஒண்ணை எடுத்துருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியும். போர்டைப் பார்த்துக்கொண்டேன். அவளாகவே ஒன்றை எடுத்துவிட்டாள்.

"ஐ ஆம் கோயிங்," என்றாள். என்னைவிடச் சுத்தமாக வந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கியது. ஜெபராஜ் சார் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். நான் "வா, கனி, வா" என்று தமிழில் கத்தினேன். செல்லவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"சார், 'வா'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?"

"அது கட்டளை வாக்கியம், இம்பெரட்டிவ் சென்டன்ஸ், அய்யாத்துரை சார்," என்றார். "அடுத்த மாசம் நடத்துவேன்."